சிவப்புத் தரைக்குக் கீழே

குழி காய்ந்து கிடந்தது. இடுப்பளவு ஆழம், உள்ளே வெள்ளை மணல், உடைந்த தார்த் துண்டுகள். ஒரு சொட்டு ஈரம் இல்லை. அதற்குள் மிஸ் நின்றுகொண்டிருந்தார். தலை முக்காட்டின் ஓரம் வியர்வையில் நனைந்து நெற்றியோடு ஒட்டியிருந்தது. துறைமுக வீதியின் இரு பக்கமும் வாகனங்கள் அடைத்துக்கொண்டு ஹோன் அடித்தன. எங்கள் நகரத்தில் மான்கள் மனிதரைப் போலத் தெருவில் திரியும். அப்படி ஒரு மான், நின்ற சனக்கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தது. யாரோ, “பாவம், அதுக்குக் குடிக்கவாவது தண்ணி வருமெண்டு பார்த்திருக்கு” என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். மிஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை. குனிந்து, கையால் மணலை விலக்கிக் குழாயைத் தடவிக்கொண்டிருந்தார்.

அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது அந்தக் காட்சிதான். அவர் வென்ற நாட்கள் பல உண்டு. ஆனால் ஊர் பார்த்திருக்கத் தோற்று நின்ற அந்த வேளையில் அவர் முகத்தில் இருந்தது வெட்கம் இல்லை, ஒருவித ஆர்வம். அப்போது அது எனக்கு விளங்கவில்லை.

அவர் எங்கள் நீர் வழங்கல் அலுவலகத்தின் பொறியியலாளர். கிண்ணியாவிலிருந்து பாலத்தைத் தாண்டி ஒவ்வொரு நாளும் வந்துபோவார். நான் நிலாவெளியிலிருந்து பஸ்ஸில் வருகிற தொழில்நுட்ப உதவியாளர். அவரைவிட எனக்கு வயது கூட, ஆகையால் என்னை அக்கா என்பார். பதவியில் அவர் பெரியவர், ஆகையால் நான் மிஸ் என்பேன். இரண்டும் எங்கள் வாயில் ஒன்றாகவே பழகிப்போயின. அவர் வருவதற்கு முன் என் வேலை, தொலைபேசியை எடுத்து முறைப்பாடுகளைக் கேட்பது. தண்ணீர் வரவில்லை, தண்ணீர் கலங்கி வருகிறது, மேல்மாடிக்கு ஏறவில்லை. கேட்டுக் கேட்டு என் காது மரத்துப்போயிருந்தது. “ஓம், பார்க்கச் சொல்லுறன்” என்பதை நான் நித்திரையிலும் சொல்லுவேன் என்று வீட்டில் பகிடி பண்ணுவார்கள்.

எங்கள் நகரத்துக்குக் கீழே கிடக்கிற குழாய்களில் பல வெள்ளைக்காரன் காலத்து வார்ப்பிரும்பு. துறைமுகத்தில் கப்பற்படை இருந்தபோது போட்டவை. அதற்குப் பிறகு வந்தவர்கள் நீட்டினார்கள், வெட்டினார்கள், ஒட்டினார்கள். யுத்த காலத்தில் கையில் கிடைத்ததைக் கொண்டு இணைத்தார்கள். ஷெல் விழுந்த வீதியில் அளவு பார்த்து, வரைபடத்தில் குறித்து வேலை செய்ய யாருக்கும் நேரம் இருக்கவில்லை. எது எங்கே போகிறது என்பதற்கு அலுவலகத்தில் ஒரு பழைய வரைபடம் இருந்தது. அதுவும் பாதிக் கற்பனை என்று பிறகுதான் தெரிந்தது. உடைந்தால் வீதியில் தண்ணீர் பொங்கும், போய் ஒட்டுவோம். அதுதான் எங்கள் முறை. மிஸ் வந்த புதிதில் அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அக்கா, மேல வந்து எங்களக் கூப்பிடுற உடைப்பு நல்ல உடைப்பு. சத்தமில்லாமக் கீழயே போறதுதான் கெட்டது.”

அதைக் கண்டுபிடிக்கத்தான் அவர் அந்தக் கருவிகளைக் கேட்டு வாங்கினார். அதற்காக எத்தனை தடவை கொழும்புக்குப் போனார், எத்தனை பேருடைய அறை வாசலில் காத்திருந்தார் என்பதெல்லாம் அவர் சொல்லி நான் அறிந்ததில்லை, அவரோடு போன சாரதி சொல்லித்தான் தெரியும். கடைசியில் ஒரு பரீட்சார்த்த முயற்சி என்று சொல்லித் துறைமுகப் பகுதிக்கு மட்டும் தந்தார்கள். தண்ணீர் எவ்வளவு அழுத்தத்தில் போகிறது என்று பார்க்கிற கருவிகள் சில இடங்களில். வீதிக்குக் கீழே வால்வு இருக்கிற கிடங்குகளுக்குள் குழாயோடு காந்தத்தால் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் கசிகிற சத்தத்தைக் கேட்கிற சிறு உருளைகள் வேறு சில இடங்களில். எல்லாம் கைத்தொலைபேசியைப் போல அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பும். வேலையாட்கள் அந்த உருளைகளுக்கு ‘மிஸ்ஸின்ட காது’ என்று பெயர் வைத்தார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனால் அதைவிடப் பொருத்தமான பெயர் இன்றுவரை யாரும் வைக்கவில்லை.

அந்தச் செய்திகள் வந்து சேர்கிற கணினித் திரைக்கு முன்னால் என்னை இருத்தினார். கணினியில் கடிதம் அடிக்கத் தெரியும், அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. பயந்தேன். “ஏலாது மிஸ், வேற ஆரையும் பாருங்கோ” என்றேன். “இவ்வளவு காலமும் ஊர்ச் சனத்தின்ட கதையைக் கேட்டது நீங்கதானே. இதுவும் அதே கதைதான் அக்கா, வாயால சொல்லாமக் கோடு போட்டுச் சொல்லுது” என்றார். போகப் போக அந்தக் கோடுகளில் ஊர் தெரிந்தது. விடியற்காலைத் தொழுகைக்கு முன் ஒரு பகுதியில் கோடு சற்று இறங்கும், மக்கள் கைகால் கழுவுகிறார்கள். பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன் எல்லாப் பகுதியிலும் ஒன்றாக இறங்கும். பொங்கலன்று ஒரு மாதிரி, பெருநாளன்று ஒரு மாதிரி, கோயில் தேருக்கு வீதிக்குத் தண்ணீர் தெளிக்கிற நாளில் இன்னொரு மாதிரி. வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்காக ஒரு பக்கம் இறங்கிய கோட்டைப் பார்த்துக்கொண்டு, மறு பக்கத்தில் விரதச் சமையலுக்கு மரக்கறி கழுவுகிற பெண்களை நினைத்துக்கொள்வேன். ஒரே குழாயிலிருந்துதான் இத்தனையும் போகிறது என்பது திரையைப் பார்த்த பிறகுதான் என் மனதில் ஏறியது.

அந்த நாள் காலையில் நான் வந்து திரையைத் திறந்தபோது துறைமுக வீதிக் கோடு கீழே கிடந்தது. வழமையாக இறங்கி, பிறகு எழும்பும். அன்று எழும்பவில்லை. அதே நேரம் மேட்டில் இருந்த ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி வந்தது. சிறுநீரக நோயாளிகளுக்கு இரத்தம் சுத்திகரிக்கிற பிரிவின் தாங்கிக்குத் தண்ணீர் ஏறவில்லை. அந்த மெசினுக்குத் தண்ணீர் இல்லாவிட்டால் ஒன்றும் ஓடாது என்று பேசிய தாதி சொன்னார். “ஈச்சிலம்பற்றில இருந்தெல்லாம் விடிய வெளிக்கிட்டு வந்திருக்கினம். திருப்பி அனுப்ப ஏலாது, விளங்குதோ?” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, கெஞ்சல் இருந்தது. அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

மிஸ் முதலில் பவுசர் வண்டி ஒன்றில் தண்ணீர் நிரப்பி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அது மத்தியானம் வரை தாங்கும். பிறகு திரைக்கு முன் அமர்ந்து காதுகளைக் கேட்டார். இரண்டு வால்வுகளுக்கு இடையில் கசிவு இருந்தால், சத்தம் ஒரு காதுக்கு முதலிலும் மற்றதுக்குப் பிறகும் போய்ச் சேரும். அந்த நேர வித்தியாசத்தைக் கொண்டு இடத்தைக் கணக்கிடலாம். கணக்கு, தபால் பெட்டிக்கு எதிரே வீதியின் நடுவில் ஒரு புள்ளியைக் காட்டியது. திரையை இன்னொருவரிடம் விட்டுவிட்டு நானும் மிஸ்ஸோடு போனேன். வீதியை மறித்துத் தாரை உடைத்தார்கள். கிண்டினார்கள். அந்தக் காய்ந்த குழிதான் வந்தது.

வேலையாட்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் எங்கள் ஓவசியர். நல்ல மனிதர். ஆனால் அந்தக் கருவிகளை அவர் தொடக்கத்திலிருந்தே நம்பவில்லை. குழியின் ஓரத்தில் நின்று, “மிஸ், இதை மூடிப்போட்டு நாங்கள் பழைய மாதிரி ஒவ்வொரு வால்வாப் பூட்டிப் பார்ப்பம். ரெண்டு நாள் போகும், பறுவாயில்லை” என்றார். அதற்குள் மேலிடத்திலிருந்து மிஸ்ஸுக்குத் தொலைபேசி வந்தது. வீதி மறிக்கப்பட்ட செய்தி யாரோ அனுப்பிய படத்தோடு கொழும்புக்குப் போய்விட்டது. மறுபக்கம் என்ன சொன்னார்கள் என்பது எனக்குக் கேட்கவில்லை. மிஸ் சொன்னது மட்டும் கேட்டது. “ஓம் சேர், இடம் பிழைச்சுப் போச்சு. பிழைச்சது நான்தான், கருவியில்ல.” அந்தப் பரீட்சார்த்த முயற்சி அன்றோடு முடிந்துவிடும் என்றே எங்கள் எல்லோருக்கும் பட்டது.

தொலைபேசியை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “அக்கா, இறங்கி வந்து இந்தப் பைப்பத் தொட்டுப் பாருங்க.” இறங்கினேன். தொட்டேன். பிளாஸ்டிக். வரைபடத்தில் அந்த இடம் முழுக்க இரும்பு என்று இருந்தது. எப்போதோ, யாரோ, இரும்பை வெட்டி எடுத்து இதைப் போட்டிருக்கிறார்கள். இரும்பில் சத்தம் ஓடும், பிளாஸ்டிக்கில் நடக்கும். ஓடுகிறது என்று நினைத்துப் போட்ட கணக்கு எப்படிச் சரிவரும்? குழிக்குள் அவர் முகத்தில் நான் கண்ட ஆர்வம் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. மற்றவர்கள் தண்ணீர் இல்லாத குழியைப் பார்த்தார்கள். அவர் முதல் தடவையாகத் தன் குழாயைப் பார்த்தார்.

“குழியை மூட வேண்டாம்” என்றார் ஓவசியரிடம். “இனி இதுதான் எனக்குக் காது வைக்கிற இடம்.” ஒரு உருளையை அந்தக் குழாயிலேயே கட்டினார். மற்றதை அடுத்த வால்வில் வைத்தார். ஈரத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வீதியோரத்தில் குந்தி மடிக்கணினியைத் திறந்தார். புதிய கணக்கு வந்தது. புள்ளி வீதியிலிருந்து விலகி, வீதியோரமாக இருந்த தேத்தண்ணிக் கடைக்குள் போய் நின்றது.

அந்தக் கடை துறைமுகத் தொழிலாளர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. எங்கள் அலுவலகத்துக்கும் அங்கிருந்துதான் தேநீர் வரும். கடைக்காரரை எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்றே கூப்பிடுவோம். அவர் அறுபது வயதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். அவருடைய பழைய கடையைக் கலவர நாட்களில் பொலிஸ் வந்து உடைத்தது, பிறகு அது எரிந்துபோனது. சண்டை ஓய்ந்த ஒரு இடைவெளியில் மனைவியும் அவருமாக இந்த இடத்தில் மறுபடி கட்டினார்கள். குழாய் அடியில் போகிறது என்று அப்போது யாரும் சொல்லவில்லை, சொல்லுகிறவர்களுக்கும் தெரிந்திருக்காது. கடையின் சுவர்கள் மங்கிப்போயிருந்தன, கூரைத் தகரம் துருப்பிடித்திருந்தது. ஆனால் தரை மட்டும் சிவப்புச் சீமெந்தில் கண்ணாடியாக மின்னும். அந்தத் தரையைப் போட்டு, மெழுகு தேய்த்துத் தேய்த்து அப்படி ஆக்கியவர் அவருடைய மனைவி. அவர் இறந்து, நானாவின் வாயில் மவுத்தாகி, சில வருடங்கள் ஆகியிருந்தன. அதற்குப் பிறகு நானாவே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடையைப் பூட்டிவிட்டுத் தேய்ப்பார்.

மிஸ் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். சுற்றிவளைக்காமல் சொன்னார்: “நானா, பைப் ஒங்கட கடைக்குக் கீழதான் உடைஞ்சிருக்கு எண்டு நினைக்கிறன். தரைய உடைச்சுப் பார்க்கணும். திருப்பிப் போட்டுத் தருவம்.”

நானா அடுப்பிலிருந்து கேத்தலை இறக்கி வைத்தார். வெளியே குழியைப் பார்த்தார். மிஸ்ஸைப் பார்த்தார்.

“காலையில அங்க உடைஞ்சிருக்கு எண்டு சொன்னது ஆரு புள்ள?”

“நான்தான்.”

“அங்க தண்ணி வந்திச்சா?”

“இல்ல நானா. அது பிழைச்சுப் போச்சு.”

“இதுவும் பிழைச்சா?”

பிழைக்காது என்று மிஸ் சொல்லியிருக்கலாம். நான் என்றால் சொல்லியிருப்பேன்.

நானாவின் குரல் உயரவில்லை. “கூரையக் கழட்டுங்க. சுவர இடியுங்க. வேணுமெண்டா இண்டைக்கே கடையப் பூட்டுறன். இந்தத் தரைய மட்டும் ஏலாது. இது அவ போட்டது. இனி இப்படிப் போட ஆரும் இல்ல.” சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஓவசியர் மிஸ்ஸை வெளியே கூப்பிட்டார். பொலிஸைக் கொண்டு செய்யலாம், குழாய் அரசாங்கத்தினுடையது, ஆஸ்பத்திரிக் காரியம், ஒருவரும் கேள்வி கேட்க முடியாது என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரி. நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. பவுசர் தண்ணீர் தீர்ந்துகொண்டிருக்கும். மிஸ் ஆஸ்பத்திரி இருந்த மேட்டுப் பக்கம் பார்த்தார். “பொலிஸ் வந்தா உடைக்கலாம்தான். பொலிஸ் வந்து ஒருக்கா உடைச்சது போதாதா அவருக்கு” என்றார். அது எந்தக் காலத்தைப் பற்றிய பேச்சு என்று ஓவசியருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்னொரு பவுசரை எங்கிருந்தாவது பிடித்து அனுப்பச் சொல்லி மிஸ் அவரை அனுப்பிவைத்தார்.

பிறகு வாகனத்திலிருந்து தரையோடு வைத்துக் கேட்கிற கருவியை எடுத்துவந்தார். யானைக் கால் போல ஒரு சிறு பாதம், அதிலிருந்து ஒரு வயர், காதில் மாட்டிக்கொள்கிற இரண்டு கிண்ணங்கள். அனுமதி கேட்டுத் தரையில் வைத்தார். அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். மேசைகளில் இருந்தவர்கள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்கக்கூடப் பயந்து கையில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடையின் பின்பக்கம், சமைக்கிற குசினியின் வாசலுக்குக் கிட்ட ஒரு இடத்தில் மிஸ் நின்றுவிட்டார். கண்ணை மூடிக் கேட்டார். எழுந்து நானாவிடம் போய்க் காதுக் கிண்ணங்களை நீட்டினார்.

“நான் சொல்லுறத நம்ப வேணாம் நானா. நீங்களே கேளுங்க. கேட்டுட்டு ஏலாது எண்டா நான் போயிருவன்.”

நானா கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்தார். அந்த இடத்தைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினார். பிறகு மெல்லத் தரையில் அமர்ந்தார். மிஸ் தானே குனிந்து அவர் காதில் மாட்டிவிட்டார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் பார்த்தது அவருடைய முகத்தை மட்டும்தான். முதலில் அதில் ஒன்றும் இருக்கவில்லை. பிறகு வாய் சற்றுத் திறந்தது. அவர் மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இதுதான்” என்றார். “இதுதான் அவ சொன்னது.”

காதில் கிண்ணங்களை மாட்டியிருந்ததால் தன் குரலின் அளவு அவருக்குத் தெரியவில்லை. கடை முழுக்கக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். கடைசி வருடங்களில் அவர் மனைவி மத்தியானச் சாப்பாட்டு அலுவல் முடிந்ததும் குசினி வாசலில், அதே இடத்தில், பாய் போட்டுச் சற்றுச் சாய்வாராம். கீழே தண்ணீர் ஓடுகிறது, கடல் உள்ளே வருகிறது, உங்களுக்குக் கேட்கவில்லையா என்பாராம். நானா காதை வைத்துப் பார்த்தார், கேட்கவில்லை. அப்போதே அவருக்கு ஒரு காது மந்தம். மனைவியைக் காது வைத்தியரிடம் கூட்டிப்போனார். காதில் குறை இல்லை என்றார்கள். யோசனை கூடிப்போனது என்று நினைத்து பள்ளிவாசல் லெப்பையிடம் கூட்டிப்போய்த் தண்ணீர் ஓதிக் குடிக்கக் கொடுத்தார். பிள்ளைகளிடம், உம்மாவுக்குத் தலை சரியில்லை என்று சொன்னார்.

“நான் தண்ணி ஓதிக் குடுத்த பொறகு, அவ சொல்றத விட்டுட்டா” என்றார் நானா. “கேட்காமப் போச்சு எண்டுதான் நான் நினைச்சன். சுகமாயிட்டுது எண்டு. எல்லாருக்கும் அப்படித்தான் சொன்னன்.”

மிஸ் அவரிடமிருந்து கையை விடுவித்துக்கொள்ளாமல் பக்கத்திலேயே தரையில் இருந்தார். தரையை உடைப்பது பற்றி அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆஸ்பத்திரியைப் பற்றியும் பேசவில்லை. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்ததைக் கண்டு, பார்க்கவேண்டாம் என்று தலையசைத்தார்.

நானா எழும்பினார். மேசைகளையும் கதிரைகளையும் தானே இழுத்து ஒரு பக்கம் வைத்தார். உதவிக்குப் போனவர்களைத் தடுக்கவில்லை. வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, அந்த இடத்தை ஈரத் துணியால் ஒருமுறை துடைத்தார். உடைக்கப்போகிற தரையை. பிறகு வாசலில் நின்ற வேலையாளிடம் கையை நீட்டி இரும்பு அலவாங்கை வாங்கினார். முதல் இடியை அவர்தான் போட்டார். அந்தச் சத்தத்துக்கு ஓவசியர் உள்ளே வந்தார். வரும்போது அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்ததைக் கண்டேன்.

சீமெந்து விலகியதும் மணல் கறுப்பாக இருந்தது. கிண்டக் கிண்ட ஈரம் கூடியது. பிறகு தண்ணீரின் ஓசை எல்லோருக்கும் வெறும் காதிலேயே கேட்டது. குழாய் இரும்பு. அதன் பக்கத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை, அதிலிருந்து அன்று புதிதாகப் பிளந்த நீண்ட வெடிப்பு ஒன்று. வெளியேறிய தண்ணீர் கீழே கிடந்த பழைய கருங்கல் வடிகாலுக்குள் விழுந்து துறைமுகத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் அது ஒருநாளும் மேலே வந்து எங்களைக் கூப்பிடவில்லை. அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதியதைப் பொருத்தினார்கள். இரண்டாவது பவுசர் போய்ச் சேர்ந்திருந்தது, ஒரு நோயாளியையும் திருப்பி அனுப்பவில்லை என்று தாதி தொலைபேசியில் சொன்னார். அலுவலகத்தில் இருந்தவர், துறைமுக வீதிக் கோடு மேலே போகிறது என்றார். ஓவசியர் மிஸ்ஸிடம், “அந்த முதல் குழியை மூடாமல் விட்டது நல்லதாப் போச்சு” என்றார். அவரிடமிருந்து வந்த அந்த வார்த்தைக்கு மிஸ் நன்றி சொன்னார்.

இப்போது நகரம் முழுக்கவும், புல்மோட்டைப் பக்கம் வரையும் காதுகள் இருக்கின்றன. வந்த செய்தியைத் திரையே தரம் பிரித்து, எது அவசரம் என்று சொல்லிவிடுகிறது. புதிய பொறியியலாளர்கள் கையிலே தொலைபேசியை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே பார்க்கிறார்கள். மிஸ் இங்கே இல்லை. நாடு எரிபொருளுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்ற காலத்தில், பலரைப் போல அவரும் குடும்பத்தோடு வெளிநாட்டுக்குப் போய்விட்டார். அங்கேயும் குழாய்களோடுதான் வேலை. போகிறதற்கு முன் அவர் ஒரு ஏற்பாடு செய்தார். யாராவது தொலைபேசியில், சத்தம் கேட்கிறது, ஈரமாக இருக்கிறது, வாசம் வேறுமாதிரி என்று சொன்னால், அதையும் வரைபடத்தில் ஒரு மஞ்சள் புள்ளியாகக் குறிக்கவேண்டும், கருவி தந்த செய்திக்குப் பக்கத்தில், அதே அளவில். கருவி ஒன்றும் சொல்லாவிட்டாலும் அந்தப் புள்ளியை அழிக்கக்கூடாது, ஆள் போய்ப் பார்த்த பிறகுதான் அழிக்கலாம். புதிதாக வந்த ஒருவர், இதெல்லாம் எதற்கு, சனம் சும்மா சொல்லுமே என்று கேட்டார். சும்மாவும் சொல்லும்தான். பல புள்ளிகளுக்குப் பின்னால் ஒன்றும் இருப்பதில்லை. இருந்தாலும் நான் குறிக்கிறேன். தொலைபேசியில் கேட்கிற குரல், இனிச் சொல்லி என்ன என்று எந்த இடத்தில் நின்றுபோகும் என்பது எந்தக் கோட்டிலும் தெரியாது.

அன்று பின்னேரம் நடந்ததையும் சொல்லவேண்டும். வெட்டியெடுத்த குழாய்த் துண்டு கடைவாசலில் கிடந்தது. நானா அதன் பக்கத்தில் வந்து நின்று மிஸ்ஸிடம் கேட்டார்.

“இது எப்ப உடைஞ்சது புள்ள? அவ மவுத்தாக முந்தியா, பிந்தியா?”

எங்கள் கருவிகள் வைத்துச் சில மாதங்கள்தான். அதற்கு முன் நடந்தது எந்தத் திரையிலும் இல்லை. மிஸ் குந்தியிருந்து அந்த ஓட்டையின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். நானாவின் விரலையும் பிடித்து அதில் வைத்தார். “இந்த வெடிப்பு இண்டைக்கு வந்தது, கூரா இருக்குப் பாருங்க. இந்த ஓட்டை அப்படியில்ல. கடல்ல கிடந்த கல்லு மாதிரி மழுங்கிப் போயிருக்கு. தண்ணியும் மணலும் தேய்ச்சு இரும்பு இப்படியாக வருசக்கணக்காகும். எத்தின வருசம் எண்டு எனக்குச் சொல்லத் தெரியாது நானா. ஆனா பழசு. அவங்க கேட்டது இதாத்தான் இருக்கும்.”

நானா தலையாட்டினார். நாங்கள் சாமான்களை ஏற்றிப் புறப்படும்போது வாகனத்துக்குக் கிட்ட வந்து, போகிற வழியில் மனைவியை அடக்கிய மையவாடியில் இறக்கிவிட முடியுமா என்று கேட்டார். ஏற்றிக்கொண்டோம். மையவாடி வாசலில் இறங்கி உள்ளே போனார். சாரத்தில் சிவப்புச் சீமெந்துத் தூள் படிந்திருந்தது, அதை அவர் தட்டிவிடவில்லை. நாங்கள் வாகனத்திலேயே இருந்தோம். மதிலுக்கு மேலால் பார்த்தபோது, வேப்ப மரத்துக்குக் கீழே ஒரு இடத்தில் அவர் குந்தியிருப்பது தெரிந்தது. கையேந்திப் பிரார்த்தித்தார். பிறகு கைகளை இறக்கிவிட்டு, பக்கத்தில் இருக்கும் ஒருவரோடு கதைப்பது போலச் சாதாரணமாக ஏதோ சொன்னார். அதிக நேரம் இல்லை.

திரும்பி வந்து ஏறிக்கொண்டு, “சொல்லிட்டன்” என்றார்.

மிஸ் முன்னால் பார்த்தபடியே இருந்தார். கண்ணைத் துடைக்கவும் இல்லை. “வீட்டையோ நானா, எங்க விடுறது?” என்று கேட்டேன்.

“கடைக்குத்தான். பின்னேரம் துறைமுக ஆக்கள் தேத்தண்ணிக்கு வருவாங்க.”

“தரை எல்லாம் கிண்டிக் கிடக்குதே.”

“ரெண்டு பலகை போட்டா நடக்கலாம்” என்றார்.